நூலகமே வில்லனானால்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ரேச்சல் கெய்ன் எழுதிய 'தி கிரேட் லைப்ரரி' என்ற ஐந்து பாக ஆங்கில வரிசையைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்து ஆசிரியர் குழு இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே விட்டுவிட்டது. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கதையைத் தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கம். எகிப்தில் இருந்த அலெக்சாண்ட்ரியாவின் பழம்பெரும் நூலகம் அழியவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வளர்ந்து வளர்ந்து, நம் காலத்தில் அரசுகளையே மிரட்டும் சக்தியாகி நிற்கிறது. உலகத்தில் உள்ள எந்தப் புத்தகத்தையும் நீங்கள் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் மூலப் பிரதி எதையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அது குற்றம். உங்கள் கையில் இருப்பது வெற்றுப் பக்கங்கள் கொண்ட ஓர் ஏடு. கேட்ட நூலின் எழுத்துகள் ரசவாதத்தால் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து அதில் வந்து படியும், வேண்டாமென்றால் மறையும். லண்டனில் புத்தகக் கடத்தல் தொழில் செய்யும் குடும்பத்துப் பையன் ஜெஸ் பிரைட்வெல். அவனை அவன் அப்பாவே உளவாளியாக அந்த நூலகத்தின் பயிற்சிக்கு அனுப்புகிறார். மீதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் பாகத்தில் பாதி முடித்துவிட்டேன் மேடம். இதில் நூலகம்தான் வில்லன். நூலகராக இருந்த உங்களுக்கு இது எப்படிப் பிடித்தது?
— பிளஸ் ஒன் மாணவன், நாகர்கோவில்

நூலகராக இருந்ததால்தான் பிடித்தது தம்பி. வெளியில் இருப்பவர்களுக்கு நூலகம் என்றால் அமைதி, அறிவு, கோயில் என்றெல்லாம் தோன்றும். உள்ளே வேலை பார்த்தவளுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாவிக்கொத்து.

ஒரு விஷயம் சொல்கிறேன். பொது நூலகங்களில் இருப்புச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாக எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்தால் அதன் விலை நூலகர் தலையில் விழும் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயம் என்ன செய்யும் தெரியுமா? நல்ல புத்தகத்தையெல்லாம் கண்ணாடி பீரோவுக்குள் தள்ளும். அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், படம் போட்ட பெரிய விலைப் புத்தகங்கள் எல்லாம் உள்ளே போய்விடும். வாசகர் வெளியில் நின்று முதுகுப் பெயரைப் படித்துவிட்டுப் போகலாம். என் மேலதிகாரி ஒருவர் ஓய்வுபெறும் நாளில், "என் சர்வீஸில் ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை" என்று மேடையில் சொன்னார், கைதட்டல் வேறு. அவர் பீரோவில் இருந்த புத்தகங்களில், இரவல் தேதியை முத்திரையிடும் தேதித்தாளைப் பார்த்தவள் நான். பல தாள்களில் ஒரு முத்திரைகூடக் கிடையாது.

நல்ல மனிதர்தான் அவர். புத்தகத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார். கெய்னின் நாவலில் வரும் தலைமைக் காப்பாளர் அவருடைய பெரிய அளவுப் பதிப்பு, கையில் படையும் சிறையும் இருக்கிறது, அவ்வளவுதான். 'அறிவே எல்லாம்' என்பது அந்த நூலகத்தின் முழக்கம். அதைச் சொல்லிக்கொண்டேதான் ஆட்களைக் காணாமல் போக்குகிறார்கள். புத்தகத்தை வெறுப்பவனைக் கெட்டவனாகக் காட்டுவது சுலபம். நேசிப்பவனைக் காட்டியிருக்கிறார் பாருங்கள், அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் என்று 1931-இல் புத்தகமே எழுதினார். முதல் விதி: நூல்கள் பயன்பாட்டுக்கே. இதற்கு ஒரு விதியா என்று படிக்கும் காலத்தில் நாங்கள் சிரித்திருக்கிறோம். ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்திருந்த காலத்தைச் சொல்லித்தான் அவர் அந்த விதியை விளக்கத் தொடங்குவார். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு பேராலயத்துக்குப் போனால் அந்தச் சங்கிலிகளை இன்றும் பார்க்கலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கொடுக்கலாமா?
— ஓர் அம்மா, ஈரோடு

இரண்டு வருஷம் போகட்டும். இளையோர் நாவல் என்று அட்டையில் இருந்தாலும் போர், சித்திரவதை, கூடப் படிக்கும் பிள்ளைகளின் சாவு எல்லாம் வருகிறது. முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே ஒரு காட்சி. பத்து வயதுப் பையன் உயிரைப் பணயம் வைத்துக் கடத்திக் கொண்டுவந்த அரிய புத்தகத்தை வாங்கிய பணக்காரர், அவன் கண்ணெதிரே பக்கம் பக்கமாகக் கிழித்துத் தின்கிறார். தன்னைத் தவிர யாரும் அதை அனுபவிக்கக் கூடாதாம். ரத்தம் ஒரு சொட்டு இல்லை, ஆனாலும் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றையும் சிலர் கேட்டிருக்கிறீர்கள், சுற்றிவளைத்து. ஆமாம், ஜெஸ்ஸுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் உல்ஃபும் படைத்தலைவர் சான்டியும் இணையர்கள். இருவரும் ஆண்கள். கதையில் யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அலெக்சாண்ட்ரியா நூலகம் உண்மையிலேயே இப்படிக் கொடுமையானதா? அல்லது நாவலாசிரியரின் கற்பனையா? ஜூலியஸ் சீசர்தானே எரித்தார்?
— வரலாறு முதுகலை மாணவி, திருச்சி

உங்கள் பாடத்திலிருந்தே கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொடுமை என்று சொல்ல முடியாது. ஆனால் அள்ளிச் சேர்க்கும் வெறி நிஜம். பழைய கிரேக்க மருத்துவர் கேலன் இரண்டு சங்கதிகள் எழுதி வைத்திருக்கிறார். அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைச் சோதனை போட்டு, சுருள் ஏடுகள் இருந்தால் பறிமுதல் செய்வார்களாம். நகல் எடுத்து, மூலத்தை நூலகம் வைத்துக்கொண்டு, நகலை உரிமையாளரிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படி வந்தவற்றில் 'கப்பல்களிலிருந்து' என்று குறிப்புப் போட்டு வைத்தார்களாம். சேர்க்கைப் பதிவேட்டில் 'எப்படி வந்தது' என்று ஒரு பத்தி உண்டு: விலைக்கு, அன்பளிப்பு, இப்படி. அதில் 'பறித்தது' என்று எழுதிய முதல் நூலகர்கள் அவர்கள்தான் போலிருக்கிறது.

இரண்டாவது அதைவிட அழகு. எஸ்கிலஸ், சோஃபக்ளிஸ், யூரிப்பிடிஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர்கள் மூவரின் நாடகங்களின் அதிகாரபூர்வப் பிரதிகளை ஏதென்ஸிடம் எகிப்து அரசர் மூன்றாம் தாலமி கடன் கேட்டார். ஏதென்ஸ்காரர்கள் உஷாராகப் 15 தாலந்து வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். தாலமி நல்ல தாளில் பிரமாதமாக நகல் எடுத்து நகலைத் திருப்பி அனுப்பினார். 'முன்பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்றும் சொல்லிவிட்டார். இரவல் வாங்கிய புத்தகத்தைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லிக் காப்புத்தொகையை விட்டுக்கொடுத்துவிட்டு, புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொள்ளும் உறுப்பினர் எல்லா ஊரிலும் உண்டு. இவர் ராஜாவாகவும் இருந்தார்.

பெர்கமம் நகரத்தில் போட்டி நூலகம் வளர்ந்தபோது எகிப்து பாபிரஸ் என்ற நாணல் தாளின் ஏற்றுமதியை நிறுத்தியது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். தாள் கிடைக்காவிட்டால் அவர்கள் எதில் எழுதுவார்கள்? அவர்கள் தோலில் எழுதினார்கள். கதை முழுக்க அப்படியே நடந்திருக்காது என்று அறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள், தோலில் எழுதுவது அதற்கு முன்பே உண்டு. ஆனாலும் அந்தக் காலத்து ஆட்களே நம்பக்கூடியதாக அந்தக் கதை இருந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

சீசர் விஷயம். கி.மு. 48-இல் அவர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வைத்த தீ பரவி நிறைய நூல்கள் போனது உண்மைதான் என்று பழைய ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒரே ராத்திரியில் எல்லாம் சாம்பலானது என்ற கதை சினிமாவுக்குத்தான் சரி. அதற்கு நூறாண்டுக்கு முன்பே, கி.மு. 145 வாக்கில், எட்டாம் தாலமி தன் அரசியல் சண்டையில் அறிஞர்களை ஊரைவிட்டுத் துரத்தினார். தலைமை நூலகர் அரிஸ்டார்க்கஸும் போனார். படிப்பவர்கள் போய்விட்டால் சுருளை யார் புதுப்பிப்பார்கள்? பாபிரஸ் பழையதாகும், பூச்சி அரிக்கும், திரும்பத் திரும்ப நகல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பணம் நின்றால் நகல் நிற்கும். செராப்பியம் என்ற கிளைநூலகம் இருந்த கோயிலை கி.பி. 391-இல் இடித்தார்கள். அதற்குள் பெரும்பகுதி தானாகவே போயிருக்க வேண்டும். கெய்ன் தன் கதையில் ஒவ்வொரு ஊரிலும் உள்ள கிளை நூலகத்துக்கு 'செராப்பியம்' என்றே பெயர் வைத்திருக்கிறார். அந்த இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டேன். என் சொந்தப் பிரதிதான், பதற வேண்டாம்.

கேள்வி: அவ்வளவு சக்தி உள்ள நூலகம் ஓர் அச்சு இயந்திரத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்? அந்த இடம் எனக்கு நம்பும்படி இல்லை.
— பொறியாளர், கோவை

எனக்கோ வரிசை முழுவதிலும் அதிகமாக நம்பும்படி இருந்த இடம் அதுதான். தாமஸ் என்ற ஜெர்மன் மாணவன், ஜெஸ்ஸின் நண்பன். எந்திரம் என்றால் கிறுக்கு. எழுத்துகளைக் கோத்து மை தடவி அழுத்தினால் நூறு பிரதி எடுக்கலாமே என்று அவனுக்குத் தானாகத் தோன்றுகிறது. நூலகம் மகிழ்ந்து பரிசு கொடுக்கும் என்று நினைக்கிறான், பாவம். அவனுக்கு முன்னாலும் பலருக்கு அது தோன்றியிருக்கிறது, குட்டன்பெர்க் உட்பட. ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தவனும் கண்டுபிடிப்பும் மறைந்து போயிருக்கிறார்கள்.

ஏன் பயம் என்றால், நூலகத்தின் பலம் அதனிடம் உள்ள புத்தகங்களில் இல்லை. வேறு யாரிடமும் புத்தகம் இல்லை என்பதில் இருக்கிறது. ஒரே ஒரு மூலம், அதைக் காட்டவோ மறைக்கவோ ஒரே ஒரு கை. ஒரு வரியை மாற்றினால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி உலகத்தில் இருக்காது. இயந்திரம் வந்தால் அந்த ஏற்பாடு மொத்தமும் காலி.

நிஜ வரலாற்றிலும் அரசுகள் புத்தகத்தைவிட அச்சுக்கூடத்தைத்தான் எண்ணிக் கணக்கு வைத்தன. இங்கிலாந்தில் 1557-இல் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற அச்சு, புத்தகத் தொழில் சங்கத்துக்கு அரச சாசனம் கொடுத்தார்கள். அவர்களைக் கேட்காமல் அச்சடிக்க முடியாது. 1586-இல் வந்த ஆணைப்படி லண்டனை விட்டால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் மட்டும் அச்சுக்கூடம் இருக்கலாம். சங்கத்து ஆட்களே வீடு புகுந்து சோதனை போடலாம். அரசுக்குத் தணிக்கை, சங்கத்துக்கு லாபம். யாரையும் எரிக்காமலே காரியம் நடந்துவிடுகிறது பாருங்கள். அச்சிட உரிமம் கேட்ட சட்டம் 1695-இல் காலாவதியானது, அதைப் புதுப்பிக்கவில்லை. அப்புறம் வெளியூர்களில் அச்சுக்கூடங்களும் செய்தித்தாள்களும் மளமளவென்று முளைத்தன.

ஓட்டோமான் பேரரசில் இப்ராகிம் முத்தஃபெரிக்காவுக்கு 1727-இல் துருக்கி நூல்களை அச்சிட அனுமதி கிடைத்தது, மத நூல்களைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. நம் நாட்டில் 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும்தான், ஆங்கிலப் பத்திரிகைக்குக் கிடையாது. ஒரே செய்தியை ஆங்கிலத்தில் எழுதினால் சும்மா விடுவார்கள், தமிழிலோ வங்காளியிலோ எழுதினால் அச்சு இயந்திரத்தையே தூக்கிக்கொண்டு போகலாம். யார் படிப்பார்கள் என்பதுதான் அவர்கள் கவலை.

கேள்வி: கதையில் நூலகத்தை எதிர்க்கும் 'பர்னர்கள்' புத்தகங்களை எரிக்கிறார்கள். ஒரு புத்தகத்தைவிட ஓர் உயிர் பெரியது என்கிறார்கள். அந்த வாக்கியத்தில் என்ன தவறு என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்துக்காரி என்பதால் எரிகிற புத்தகத்தை என்னால் நியாயப்படுத்தவும் இயலவில்லை.
— வாசகி, டொரொன்டோ

வாக்கியத்தில் தவறில்லை அம்மா. அதைச் சொல்பவர்கள் எரித்த பிறகு உயிர்களும் மிஞ்சவில்லை என்பதையும் கெய்ன் காட்டுகிறார். மூன்றாம் பாகத்தில் அவர்கள் கையில் இருக்கும் பிலடெல்பியா நகரத்தைப் பாருங்கள். அங்கேயும் ஒரு தலைவர், அங்கேயும் சிறை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல எதுவுமில்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய அந்தத் தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின என்பதை நூலகத் துறையில் இருந்தவர்கள் எல்லோரும் அறிவோம். அச்சுப் புத்தகங்களில் பலவற்றுக்கு வேறு எங்கோ இன்னொரு பிரதி இருந்தது, திரும்பச் சேர்க்க முடிந்தது. ஓலைச்சுவடிக்கும் கையெழுத்துப் படிக்கும் அப்படி இல்லை. ஆகவே உங்கள் தயக்கம் சரியானது. எரிப்பவரும் ஒற்றைப் பூட்டுப் போட்டு வைப்பவரும் எதிரெதிர்க் கட்சி மாதிரி தெரிந்தாலும், எங்காவது ஒரே பிரதியாக இருக்கும் ஏட்டுக்கு இருவராலும் ஒரே ஆபத்துதான்.

2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இணையத்தில் யாரும் எடுக்கும்படி வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்பு 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம். தன்னார்வலர்கள் ஆளுக்கொரு நூலாக எடுத்துத் தட்டச்சு செய்து, இன்னொருவர் மெய்ப்புப் பார்த்து ஏற்றினார்கள். உங்கள் வீட்டில் பழைய மலரோ மாத இதழோ கிடந்தால் எடைக்குப் போடும் முன் இவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: இன்றைக்கு எல்லாமே போனில் கிடைக்கிறது. யாரும் எதையும் பூட்டி வைக்க முடியாது. இந்தக் கதைக்கு இனி என்ன அவசியம்?
— கல்லூரி மாணவர், சென்னை

போனில் கிடைக்கிறது, சரி. உங்களிடம் இருக்கிறதா?

2009 ஜூலையில் அமேசான் ஒரு வேலை செய்தது. அமெரிக்காவில் பணம் கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'-ஐயும் 'விலங்குப் பண்ணை'யையும் ராத்திரியோடு ராத்திரியாக அழித்தது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். நியாயமான காரணம்தான். பணமும் திரும்பி வந்தது, நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் முட்டாள்தனம் என்று மன்னிப்பும் கேட்டார். ஆனால் வாங்கிய புத்தகம் வீட்டுக்குள்ளிருந்து மறைய முடியும் என்று அன்றுதான் பலருக்கு உறைத்தது. கெய்னின் வெற்று ஏடு இதுதானே? முதல் பாகம் வந்தது 2015-இல். அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

ஆய்வு இதழ்களைப் பாருங்கள். கட்டுரை எழுதுவது ஆய்வாளர், பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில். சரிபார்ப்பது இன்னொரு ஆய்வாளர், பெரும்பாலும் சும்மா. படிக்க மட்டும் பணம். மத்திய அரசு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 2025 ஜனவரியில் தொடங்கியிருக்கிறது. முப்பது பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கட்டத்தில் அது அரசுக் கல்வி நிலையங்களுக்கும் அரசு ஆய்வு நிலையங்களுக்கும்தான். நீங்கள் அரசுக் கல்லூரியா, தனியாரா? உங்கள் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள், உங்களால் எந்தக் கதவு வழியாக நுழைய முடியும் என்று தெரியும். ஓய்வுபெற்ற என் போன்றவர்களுக்கு எந்தக் கதவும் இல்லை.

ஜெஸ்ஸின் குடும்பத் தொழிலுக்கு நம் ஊர் நிழல் ஒன்றும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை. பாடத்துக்குத் தேவையான பக்கங்களைப் பல புத்தகங்களிலிருந்து எடுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்களும் இன்னொரு பதிப்பகமும் வழக்குப் போட்டன. மாணவர்களும் பேராசிரியர்களும் கடைக்காகச் சேர்ந்து நின்றார்கள். 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலுக்காக இப்படி நகல் எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்றது. மேல்முறையீட்டில் சில கேள்விகள் மீண்டும் விசாரணைக்குப் போயின, 2017-இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. ஒரு நாவலுக்குக் கதாநாயகனாக அந்த ஜெராக்ஸ் மெஷினை வைக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை.

கேள்வி: எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்கிறீர்களா? வெடிகுண்டு செய்முறையையும் நூலகத்தில் வைப்பீர்களா? சில கட்டுப்பாடு வேண்டாமா?
— ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, உங்கள் ஆய்வுக்கூடத்தில் அமில அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும். கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதையிலும் 'கிரேக்கத் தீ' என்று ஒன்று வருகிறது, பச்சையாக எரியும், தண்ணீரால் அணையாது. அதன் செய்முறை தெருவில் கிடந்தால் என்ன ஆகும் என்றும் கெய்ன் காட்டத்தான் செய்கிறார்.

என் கேள்வி வேறு. என்னென்ன பூட்டப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் வெளியில் தெரியுமா? கத்தோலிக்கத் திருச்சபையின் தடைநூல் பட்டியலை எடுங்கள். 1559-இல் ரோம் முதல் பட்டியலை வெளியிட்டது, 1966-இல்தான் கைவிட்டார்கள். கோப்பர்னிக்கஸ், கலிலியோ எல்லாம் அதில் இருந்தார்கள். ஆனால் அது அச்சடித்த பட்டியல், யாரும் வாங்கிப் பார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தின் முதல் நூலகர் தாமஸ் ஜேம்ஸ் அதை என்ன செய்தார் தெரியுமா? தங்கள் நூலகத்துக்கு என்னென்ன புத்தகம் வாங்க வேண்டும் என்பதற்குக் கையேடாக வைத்துக்கொண்டார். 1627-இல் அதை ஒரு தனிப் பட்டியலாகவே வெளியிட்டார். நான் சந்திக்க ஆசைப்படும் நூலகர்களில் முதலாவது ஆள் அவர்.

கெய்னின் கதையில் தடைசெய்த நூல்களைப் பூட்டி வைக்கும் 'கறுப்பு ஆவணக்காப்பகம்' அப்படிப்பட்டதல்ல. அது இருப்பதே யாருக்கும் தெரியாது. எழுதியவர் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். இப்படி ஒன்று இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பவன் அதைக் கேட்டு விண்ணப்பமா போடுவான்? ஆய்வுக்கூட அமில அலமாரியில் 'அபாயம்' என்று எழுதி ஒட்டியிருந்தீர்கள் அல்லவா ஐயா, அந்தச் சீட்டைத்தான் நான் கேட்கிறேன்.

கேள்வி: இவ்வளவு புகழ்கிறீர்களே, குறையே இல்லையா?
— வாசகர், திருநெல்வேலி

ஏன் இல்லை! ஐந்து பாகம் அதிகம். மூன்றாம் பாகத்தில் நடுப்பகுதி நகராது. நான்காம் பாகத்தில் ஜெஸ், மோர்கன், கலீலா என்று ஆளுக்கொரு அத்தியாயமாகப் பிரித்ததில் மூச்சு வாங்கியது, ஆனால் கலீலாவின் பகுதிகள் நன்றாக இருந்தன. ரசவாதம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. கதை எகிப்தில் நடக்கிறதே தவிர எகிப்தியர்கள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. உலகம் முழுக்க ஆளும் நூலகம் என்கிறார், நம் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தஞ்சைச் சரஸ்வதி மகால் சுவடிகளை அலெக்சாண்ட்ரியாவுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது இங்கே யார் ஒளித்து வைத்திருப்பார்கள் என்று நானே மனசுக்குள் ஒரு கிளைக்கதை ஓட்டிப் பார்த்தேன்.

ரேச்சல் கெய்ன் 2020 நவம்பரில் காலமானார். ஐந்தாம் பாகம் 2019-இல் வந்துவிட்டது, அந்த வகையில் கதை முழுமையாக இருக்கிறது.

கேள்வி: எந்த வரிசையில் படிப்பது? ஐந்தையும் வாங்க வசதியில்லை.
— வாசகி, விருதுநகர்

இங்க் அண்ட் போன், பேப்பர் அண்ட் ஃபயர், ஆஷ் அண்ட் குவில், ஸ்மோக் அண்ட் அயர்ன், ஸ்வார்ட் அண்ட் பென். இந்த வரிசைதான், நடுவில் தொடங்கினால் தலையும் புரியாது வாலும் புரியாது. முதல் பாகத்தை மட்டும் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

வாங்க வேண்டாம். உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் வாசகர் பரிந்துரைப் பதிவேடு இருக்கும், கேட்டு வாங்கி ஐந்து பெயரையும் எழுதுங்கள், கூடவே பதிப்பகத்தின் பெயரையும். இல்லை என்று சொன்னால் நூலகரிடம் ஒரு வெள்ளைத் தாளில் கடிதமாகக் கொடுத்துத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். தனியாகப் போகாமல் இன்னும் நாலு பேரை எழுதச் சொல்லுங்கள். கொள்முதல் பட்டியல் தயாரிக்கும்போது ஒரே தலைப்பைப் பலர் கேட்டிருந்தால் அது கண்ணில் படும், நான் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வந்து சேர்ந்ததும் அது கண்ணாடி பீரோவுக்குள் போனால் எனக்கு எழுதுங்கள்.